ஹெய்ட்டி நாடகத்தில் தலைவன் வேஷம்

ஒன்பதாம் வகுப்புக்குப் பிரெஞ்சுப் புரட்சி பாடம் உண்டு. ராஜாவின் தலையை வெட்டியது, சமத்துவம், சகோதரத்துவம் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். ஹெய்ட்டி கிடையாது. அதை யாரும் சொல்லாமல் நடத்தியது நான்தான். நல்ல எண்ணம் என்று சொல்ல மாட்டேன். ஒரு பிள்ளை கேள்வி கேட்டது, பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

எனக்குச் சொந்த ஊர் பழனி அடிவாரம். வீட்டில் திருநீறும் அபிஷேகச் சாமானும் விற்கிற கடை. நான் டீச்சர் வேலைக்கு வந்து மலை ஏறினேன். ஆடலூர் தாண்டி ஒரு ஊர். பெயர் வேண்டாம். காப்பியும் மிளகும்தான் பிழைப்பு. பள்ளிக்கூடத்தில் இரண்டு வகைப் பிள்ளைகள். காப்பிக் காடு வைத்திருக்கிற ஊர்க்காரப் பிள்ளைகள் ஒரு பக்கம். அந்தக் காட்டில் வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகள் இன்னொரு பக்கம். இவர்களுடைய தாத்தா காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு இங்கே வந்து சேர்ந்த குடும்பங்கள். வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் இருக்கிறார்கள். லயம் என்பார்கள். இந்தப் பிள்ளைகள் இலங்கையைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. ஊரில் இன்னும் 'சிலோன்காரப் புள்ளைக' என்றுதான் பெயர்.

கேள்வி கேட்டது லயத்துப் பெண் ஒருத்தி.

"டீச்சர், பிரான்சுல எல்லாரும் சமம்னு சொன்னாங்களே, அவங்க புடிச்சு வச்சிருந்த ஊருகள்லயும் அப்படித்தானா?"

இல்லை என்றேன். கடலுக்கு அப்பால் ஒரு தீவு, இன்றைக்கு அதுதான் ஹெய்ட்டி. பிரான்சுக்காரர்களின் தோட்டங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைக் கப்பலில் அடைத்துக் கொண்டுவந்து அடிமையாக விற்று, கரும்பும் காப்பியும் போட்டார்கள் என்று சொன்னேன்.

"அங்கயும் காப்பியா டீச்சர்?"

"காப்பிதான்."

"மொளகு?"

"மிளகு எனக்குத் தெரியாது."

"அப்ப நம்ம ஊருதான் ஒசத்தி" என்றான் ஒருவன். வகுப்பு சிரித்தது.

சவுக்கடி, பட்டினி, குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து விற்றது, இதுவரைக்கும் சொல்லும்போது மணி அடித்துவிட்டது. ஆண்டு விழாவுக்கு ஒன்பதாம் வகுப்பு ஒரு நாடகம் போட வேண்டியிருந்தது. இதையே போடலாம், முதலாளி யார், அடிமை யார் என்று நீங்களே பிரித்துக்கொண்டு நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மறுநாள் வெள்ளனே வகுப்பு லீடர் எழுந்து ஒப்பித்தான். முதலாளிகள் எல்லாம் ஊர்க்காரப் பிள்ளைகள். அடிமைகள் எல்லாம் லயத்துப் பிள்ளைகள். ஒரு பெயர்கூட இடம் மாறவில்லை.

"யாருடா பிரிச்சது?"

"யாரும் பிரிக்கல டீச்சர். அதுவா வந்துருச்சு."

"அவங்களுக்குத்தான் டீச்சர் காப்பி பறிக்கத் தெரியும்" என்றான் பக்கத்தில் இருந்தவன். திட்டிச் சொல்லவில்லை. காரணம் சொன்னான்.

லயத்துப் பையன் ஒருவன் எழுந்து, "நாங்க நடிக்கவே வேணாம் டீச்சர். சும்மா வந்து நின்னாப் போதும்" என்றான். அதற்கும் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான்.

நான் மீதிக் கதையைச் சொன்னேன். ஒரு ராத்திரி அடிமைகள் எழுந்தார்கள், கரும்புக் காட்டுக்குத் தீ வைத்தார்கள், அவர்களுக்குள்ளிருந்தே தலைவர்கள் வந்தார்கள், பத்து வருஷத்துக்கு மேல் சண்டை போட்டார்கள், பிரான்சிலிருந்து கப்பல் கப்பலாக வந்த படையைத் தோற்கடித்தார்கள், தனி நாடு அமைத்தார்கள். கரும்பலகை பக்கம் திரும்பித் தீவின் படம் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் ஊர்க்காரப் பையன் ஒருவனின் குரல்.

"ஏலே, இவனுக ஜெயிச்சுட்டானுகளேடா!"

"டீச்சர், நாங்க மாத்திக்கலாமா?"

"முடியாது. பிரிச்சது பிரிச்சதுதான்" என்றேன்.

கேள்வி கேட்ட அந்தப் பெண்ணுக்குத் தலைவன் வேஷம். ஆண் வேஷமா என்று யாரும் கேட்கவில்லை. வகுப்பிலேயே பெரிய குரல் அவளுக்குத்தான். பள்ளிக்குப் பின்னால் சில்வர் ஓக் மரத்தடியில் ஒத்திகை. வசனம் முழுவதும் நான் எழுதியது. கடைசிக் காட்சியில் வெள்ளைக்காரத் தோட்டக்காரனும் அவன் மனைவியும் மண்டியிட்டு நிற்க, தலைவன் வாளை உயர்த்தி, 'இன்று முதல் நாம் சுதந்திர மனிதர்கள்' என்று முடிக்க வேண்டும். அவள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "இது நல்லால்ல டீச்சர், புத்தகம் மாதிரி கெடக்கு" என்றாள்.

"நீ எப்படிச் சொல்லுவ?"

"இனிமே எங்க முதுகு எங்களது."

அதையே வைத்துக்கொண்டோம். அன்றிலிருந்து நடக்கும்போதும் தண்ணீர் பிடிக்கும்போதும் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவளுடைய பாகம் மட்டுமில்லை, எல்லார் பாகமும் அவளுக்கு மனப்பாடம். அப்பாவை விழாவுக்கு வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னாள். லயத்து ஆட்கள் பள்ளிக்கூட விழாவுக்கு வந்தால் பின்னால் குழாயடியில் நிற்பார்கள். நாற்காலி காலியாக இருந்தாலும் நிற்பார்கள். இந்தத் தடவை முன் வரிசையில் உட்கார வேண்டும் என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தலைமையாசிரியர் கூப்பிட்டார். அவர் அறையில் காப்பித் தோட்டக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஊரில் செல்வாக்கான வீடு. அவர் மகன் என் வகுப்புதான். கொடைக்கானல் ஹாஸ்டல் ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பி வந்த பையன். நல்ல பையன், எதுவும் மண்டையில் நிற்காது. அந்தப் பெண்ணின் அப்பா வேலை பார்ப்பதும் இவர் தோட்டத்தில்தான்.

"டீச்சரம்மா, நீங்க நல்லாச் சொல்லிக் குடுக்குறீங்கன்னு பய சொன்னான். சந்தோசங்க. ஆனா அந்தத் தலைவன் வேசம் நம்ம பயலுக்குத்தான் வரணும்."

"அது அடிமைகளோட தலைவன்ங்க."

"இருக்கட்டுமே. ஜெயிக்கிறவன்தானே?"

"உங்க பையனுக்கு முதலாளி வேஷம்னு முதல்லயே தெரியும். அப்ப நீங்க ஒண்ணும் சொல்லலையே."

"அப்ப முதலாளி தோக்கப்போறது எங்களுக்குத் தெரியாதுல்ல?" என்று சிரித்தார். தலைமையாசிரியரும் சிரித்தார்.

அவனுக்கு வசனம் மனப்பாடம் ஆகாது, ஒரு வாரம்தான் இருக்கிறது என்றேன். அவர் அதற்கும் பதில் வைத்திருந்தார்.

"ஊரு நாடகத்துல ராசபார்ட்டு எங்க வீட்டுக்குத்தான் டீச்சரம்மா. எங்கப்பா கட்டுனாரு. அவருக்கு ஒரு வசனம் நிக்காது. திரைக்குப் பின்னாடி ஒரு ஆளு எடுத்துக் குடுப்பான், இவரு சத்தமாச் சொல்லுவாரு. சனம் விசிலடிக்கும். வேசம் யாருதுங்கறதுதான் கணக்கு. மனப்பாடம் யாரு பண்ணா என்ன? அந்தப் புள்ளைக்கு எல்லாம் தெரியும்னு பய சொல்றான். அது மேடையில பக்கத்துல நின்னு எடுத்துக் குடுக்கட்டும்."

அவர் போனபிறகு நான் கத்தினேன். மேசையைத் தட்டிக் கத்தினேன். ஷாமியானா அவர் தருகிறார், மைக்செட் அவர் தருகிறார் என்றார் தலைமையாசிரியர்.

"அந்த ஊர்ல அத்தனை பேர் எதுக்கு சார் செத்தாங்க?"

"ஹெய்ட்டி எங்க இருக்கு டீச்சர், நாம எங்க இருக்கோம்? விடுங்க" என்றார்.

மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தில் அவரே வேஷத்தை மாற்றி அறிவித்துவிட்டார். மகன் தலைவன் ஆனதும் அவன் கூட்டாளிகளும் அடிமை வேஷத்துக்கு வந்துவிட்டார்கள். ஜெயிக்கிற பக்கம் முழுக்க ஊர்க்காரப் பிள்ளைகள். தோற்கிற வெள்ளைக்காரர்கள் முழுக்க லயத்துப் பிள்ளைகள். இப்போதும் யாரும் உட்கார்ந்து பிரிக்கவில்லை.

அந்தப் பெண் மட்டும் மாட்டேன் என்று நின்றாள். நடித்தால் தலைவன், இல்லாவிட்டால் மேடையே ஏற மாட்டேன் என்றாள். அன்று சாயங்காலம் அவள் அப்பா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்.

"ஒரு சோலியா வந்தேன் டீச்சரம்மா. புள்ள அடம் புடிக்கிறா. நீங்க சொன்னாக் கேப்பா."

"உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதம் என்னங்க சம்மதம். நாளைக்கு விடிஞ்சா அந்தத் தோட்டத்துக்குள்ளதானே போகணும். வேற என்ன வேசம் இருக்கு?"

"தோட்டக்காரன் பொண்டாட்டி. வெள்ளைக்காரி."

"தொரைசாணியா?" அவருக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. "எங்க லயத்துல ஒரு தொரைசாணி! எங்கப்பா இருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரு. அதையே குடுங்க டீச்சரம்மா, நல்லாருக்கும்."

அவள் கேட் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா சிரிப்பதையே பார்த்தாள். "சரி" என்றாள். என்னிடம் இல்லை, அவரிடம்.

அதன்பிறகு நடந்த ஒத்திகைகள் எனக்குச் சரியாக ஞாபகமில்லை. நின்றேன், கை தட்டினேன், "சத்தமா, சத்தமா" என்றேன். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் நம்முடையதாக இருக்காதே, அப்படி இருந்தது. பையன் வாளைச் சுற்றிக்கொண்டு நின்றான். அவள் பக்கத்தில் தொரைசாணிக் குடையைப் பிடித்துக்கொண்டு உதடு அசையாமல் வசனத்தை எடுத்துக் கொடுத்தாள். அவன் அப்படியே சொன்னான். சொல்லப்போனால் நன்றாகவே சொன்னான்.

விழா அன்று சாயங்காலம் பனி இறங்கிவிட்டது. லயத்துப் பிள்ளைகளுக்கு முகம் நிறையப் பவுடர். ஒருவன் தும்மினால் வெள்ளைப் புகை வந்தது. முன் வரிசையில் தோட்டக்காரர் குடும்பம். அந்தப் பெண்ணின் அப்பா குழாயடியில் நின்றார். நான் போய்க் கூப்பிட்டேன். "இருக்கட்டும் டீச்சரம்மா, இங்கேருந்தே நல்லாத் தெரியுது" என்றார்.

நாடகம் நடந்தது. சவுக்கடிக் காட்சியில் லயத்துப் பையன் ஊர்க்காரப் பையனை அடிக்க வேண்டும். அவன் சவுக்கைத் தரையில்தான் அடித்தான். ஒத்திகையில் மேலே படும்படி அடிக்கச் சொல்லியிருந்தேன், அடிக்கவில்லை. அடிமைகள் திருப்பி அடிக்கிற காட்சி வந்தபோது ஊர்க்காரப் பிள்ளைகள் நன்றாகவே அடித்தார்கள். கூட்டம் விசிலடித்தது. தலைவன் ஒவ்வொரு வசனத்துக்கும் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தான். அவள் கொடுத்தாள். அவன் முழங்கினான்.

கடைசிக் காட்சி. அவளும் அவளுடைய தோட்டக்காரனும் மண்டியிட்டார்கள். பையன் வாளை உயர்த்தினான். அவளைப் பார்த்தான்.

அவள் வாயைத் திறக்கவில்லை.

அவன் காத்திருந்தான். அட்டை வாளை இன்னொரு கைக்கு மாற்றினான். மைக் கீச்சென்றது. "சொல்லுடி" என்று குனிந்து கெஞ்சினான். அது மைக்கில் கேட்டுக் கூட்டம் சிரித்தது. "ஏய், சொல்லேன்!" அவள் நிமிர்ந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பவுடருக்கு நடுவில் கண் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. நான் பக்கத் திரைக்குப் பின்னால் நின்றேன். வசனம் எனக்கும் தெரியும். நானும் கொடுக்கவில்லை.

கடைசியில் அடிமைகளில் ஒருவன், "ஜெயிச்சாச்சு! ஜெயிச்சாச்சு!" என்று கத்தினான். மைக்செட்காரர் பாட்டைப் போட்டுவிட்டார். திரை விழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். தோட்டக்காரர் என்னிடம் வந்து, "கடேசியில கொஞ்சம் தடுமாறிட்டான். எங்கப்பாவும் இப்படித்தான்" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். ஏன் தடுமாறினான் என்று அவர் யோசிக்கவே இல்லை.

குழாயடியில் அவள் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா தண்ணீர் ஊற்றினார்.

"ஏன் சொல்லிக் கொடுக்கல?" என்றேன்.

"நான் தொரைசாணி டீச்சர்" என்றாள், கண்ணை மூடிக்கொண்டே. "அவங்களுக்கு விடுதலை வந்துருச்சுன்னு நான் எதுக்குச் சொல்லணும்?"

"ஏய், வாய மூடு" என்று அவள் அப்பா சுற்றிலும் பார்த்தார். யாரும் இல்லை. அப்புறமும் ஒருமுறை பார்த்தார். "காட்டுமாடு எறங்கிரும். வெரசா நட. வாறோம் டீச்சரம்மா." போனார்கள். பள்ளத்துப் பாதையில் அவருடைய டார்ச் வெளிச்சம் கொஞ்ச தூரம் தெரிந்தது. நான் போய் நாற்காலிகளை எண்ணி அடுக்கச் சொன்னேன். சந்தோஷம் வரவில்லை. வருத்தமும் வரவில்லை. கால் மட்டும் வலித்தது.

திங்கட்கிழமை தலைமையாசிரியர், பிள்ளைகள் காதில் விழ, வருகிற வருஷத்திலிருந்து நாடகம் வேண்டாம், டான்ஸ் மட்டும் போதும் என்றார். சரி என்றேன். வகுப்புக்குப் போனால் அந்தப் பையன் பெஞ்சிலிருந்து திரும்பி அவளோடு பேசிக்கொண்டிருந்தான்.

"அடுத்த வருசம் நீயே அந்த வேசத்தக் கட்டு. எனக்கு வேணாம். எங்கப்பாட்ட நான் சொல்லிக்கிறேன்."

"அடுத்த வருசம் நாடகமே கெடையாதாம்."

"ஏன்?"

"ஒனக்கு மறந்துருச்சுல்ல, அதுக்குத்தான்."

வகுப்பு மொத்தமும் சிரித்தது. அவனும் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. தொழிற்புரட்சி, அடுத்த பாடம், புத்தகத்தைத் திறங்க என்றேன்.