ரோமும் பார்த்தியாவும் எங்கள் வீட்டுக் காதுகுத்தும்

இந்த ஜூலை லீவில் மகள் யாழினிக்குக் காது குத்துவதாக இருக்கிறோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? அந்த மாமன், என் மனைவி மீனாவின் தம்பி செந்தில், பஹ்ரைனில் ஈசா டவுனில் இருக்கிறான். நாங்கள் சவுதியில், தம்மாமில். நடுவில் ஒரு கடல் பாலம்தான். ஆனால் அவனும் நானும் பேசி ஒன்றரை வருடம் ஆகிறது.

காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். தன் கல்யாணப் பத்திரிகையை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அக்கா புருஷனுக்குத் தட்டு வைத்து நேரில் அழைப்பு வேண்டாமா? நான் பாளையங்கோட்டைக்குப் போகவில்லை. மீனாவும் குழந்தையும் மட்டும் கல்யாணத்துக்குப் போய் வந்தார்கள்.

"நீங்க நேர்ல போய்க் கூப்பிடாம அவன் வரமாட்டான். அவன் மடி இல்லாம எம்பிள்ளைக்குக் காது குத்த மாட்டேன்" என்று மீனா சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான். நானும் லேசில் இறங்குகிற ஆள் இல்லை. "பஹ்ரைன் கோட்டை பார்க்கப் போறேன். வேணும்னா அவன் அங்க வரட்டும்" என்றேன். ரோமானியப் போர்கள் என்றால் எனக்குப் பைத்தியம் என்பதால் அந்தச் சாக்கு எடுபட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்குக் கிளம்பினோம். கோட்டை வரை ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீட்டர். அந்த நேரத்தில் பாலத்தில் கூட்டம் இல்லை. இரு நாட்டு முத்திரையும் வாங்கிக்கொண்டு எட்டரைக்குள் கோட்டை வாசலில் நின்றோம். வழியெல்லாம் மீனா புளியோதரை ஊட்டிவிட, யாழினி கார் சீட்டுக்கும் ஊட்டினாள்.

கோட்டைக்குப் பக்கத்திலேயே கடலைப் பார்த்தபடி ஒரு அருங்காட்சியகம். மண் அடுக்குகளை அப்படியே வெட்டிக் காட்டும் சுவர் ஒன்று அங்கே இருக்கிறது, தவறவிடாதீர்கள். ரோம் இந்தத் தீவை ஆண்டதில்லை. ஆனால் டிராஜன் என்ற பேரரசன் ஈரானை ஆண்ட பார்த்தியர்களை அடித்துக்கொண்டே வளைகுடாவின் வடமுனை வரை வந்துவிட்டான். இந்தியாவுக்குப் புறப்பட்ட கப்பலைப் பார்த்து, வயதாகிவிட்டதே என்று ஏங்கினான் என்பார்கள். ஊர் திரும்பும் வழியில் இறந்தும் போனான். அடுத்து வந்தவன், பிடித்த நாடுகளில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். இப்படியே பல நூற்றாண்டு ரோமும் ஈரானும் மோதி மோதிக் களைத்தன. கடைசியில் ஈரானை வீழ்த்தி, ரோமின் கிழக்கு நாடுகளையும் பறித்துக்கொண்டது இந்தப் பக்கத்து அரபுப் படைதான்.

இதை மீனாவிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது செந்தில் வந்தான். முன்பைவிட மெலிந்திருந்தான். பார்த்ததும் எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மண் அடுக்கையே பார்த்தேன். அவன் என்னைத் தாண்டிப் போய், யாழினியைத் தூக்கக் கை நீட்டினான். அவள் மீனாவின் துப்பட்டாவுக்குள் புகுந்துகொண்டு கேட்டாள்:

"அம்மா, ஹூ இஸ் திஸ் அங்கிள்?"

செந்திலின் கை அப்படியே நின்றது. மீனா அழுதுவிட்டாள். தாய்மாமனை அங்கிள் என்கிற அளவுக்கு நானும் செந்திலும் சேர்ந்து அவளை வளர்த்து வைத்திருக்கிறோம்.

"ஏன் மாப்ள பத்திரிகை வைக்க நேர்ல வரல?" என்றேன், எடுத்த எடுப்பில்.

"விசா ரினியூவலுக்குப் பாஸ்போர்ட்ட கம்பெனில வாங்கி வச்சிட்டாங்க அத்தான். ஊருக்குக் கெளம்புத அன்னைக்குத்தான் குடுத்தாங்க. பாலம் தாண்ட வழியில்ல."

"அதச் சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க ஒரு வார்த்த கேட்டியளா?"

இல்லைதான். பார்த்தியர்களிடம் ரோம் பறிகொடுத்த படைக்கொடிகள் பல வருடம் கழித்துப் போரில்லாமல், பேச்சுவார்த்தையில்தான் திரும்பி வந்தன. ரோமில் பிடித்து வைத்திருந்த மகன் பார்த்திய அரசனுக்குக் கிடைத்தான். ரோமின் பேரரசன் அகஸ்டஸ் அதையே பெரிய வெற்றியென்று காசில் அச்சடித்துக்கொண்டான். அவரவர் கௌரவம் அவரவருக்கு. "யல்லா, வண்டிய எடு மாப்ள, உன் வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

போகிறவர்களுக்கான குறிப்புகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும். சவுதியை விட்டுப் போய்த் திரும்புவதற்கான எக்ஸிட் ரீ-என்ட்ரி விசா வீட்டில் எல்லாருக்கும் செல்லுபடியாகிறதா என்று முதலில் பாருங்கள். பஹ்ரைனுக்கான கார் இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். வார இறுதிக் கூட்டம் நெரியும் வியாழன் மாலை பாலத்துப் பக்கமே போகாதீர்கள். கோட்டையைச் சுற்றிப் பார்க்க இரண்டு மணி நேரம் போதும். வெயிலுக்குத் தொப்பி அவசியம். சொந்தக்காரர்கள் அங்கே இருந்தால், எந்தச் சாக்கும் வைத்துக்கொள்ளாமல் நேரே அவர்கள் வீட்டுக்குப் போங்கள்.

ஈசா டவுனில் தெருமுனைக் கடையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினேன். வெற்றிலை கிடைக்கவில்லை. அழைப்பதற்கான தட்டைக்கூட செந்தில் மனைவி கவிதாவிடமே கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குங்குமச் சிமிழை வைத்து, ஹாலில் கிழக்கே பார்த்து நிற்கச் சொல்லி, "மாப்ள, ஜூலைல யாழினிக்குக் காதுகுத்து. நீங்க ரெண்டு பேரும் வந்து நடத்திக் கொடுக்கணும்" என்று தட்டை நீட்டினேன்.

செந்தில் வாங்கவில்லை. டிராக் பேன்ட்டும் டீ-ஷர்ட்டுமாக நின்றவன், "ஒரு நிமிஷம் அத்தான்" என்று ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். தட்டோடு நான் முழித்தேன். மீனா என் முகத்தைப் பார்க்கவே பயந்தாள்.

கதவு திறந்தது. கல்யாணப் பட்டுவேட்டியைக் கட்டி, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வந்தான். "முறையா கூப்பிடுதிய. முறையா வாங்கணும்லா" என்று இரண்டு கையையும் நீட்டினான்.