பாதையில் ஏறிய அமெரிக்க கார்

என் மாமாவுக்குக் கட்டாரில் ஏசி திருத்தும் வேலை. ஊரில் ஒரு சைக்கிள்கூட இல்லாத அந்த மனிதர், லீவில் வந்த நேரம் கொக்கட்டிச்சோலையில் நிறைய வயல் வைத்திருந்த போடியார் ஒருவரின் நெல்லுக் கொட்டிலில் கோழி அடைகிடந்த பழைய அமெரிக்க காரைக் கண்டு, மயங்கி, வாங்கி, ஆரையம்பதியில் எங்கள் வீட்டு வளவுக்குள் கொண்டுவந்து விட்டுவிட்டுப் பிளேன் ஏறிவிட்டார். கோழியும் கூடவே வந்தது.

திருத்தும் பொறுப்பு அம்மாவின் தலையில் விழுந்தது. அவருக்கு இருப்பது ஒரே தம்பி. மாமா வேறு யாரிடம் சொல்வார்? வெள்ளிக்கிழமைகளில் கட்டாரிலிருந்து போன் வரும். முகம் பார்த்துப் பேசும் வசதியெல்லாம் அப்போது இல்லை. மாமா அங்கே புத்தகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அம்மா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பொனட்டுக்குள் தலையை விடுவார்.

“அந்த ஸ்குரூவ வலப்பக்கம் கிறுக்கு அக்கா.”

“கிறுக்கினா கழண்டு கையில வருதுடா!”

சொக்லேட்டும் சவர்க்காரமும் வரும் பார்சலில், போர்வைக்குள் சுற்றி கார்பரேட்டர் வந்தது. மனிசியின் கறியில் ஒயில் மணக்கிறது என்று அப்பா மூக்கால் அழுதார். கடைசியில் ஒருநாள் இஞ்சின் உறுமியது. கோழி முருங்கையில் ஏறிவிட்டது.

அதோடு மாமாவுக்கு மண்டூரில் பெண்ணும் சரிவந்தது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண்வீட்டோடு போய்விடுவான். மாமா போனால் போகட்டும், காரும் போய்விடுமே என்பதுதான் என் கவலை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

கலியாணத்தன்று குருமண்வெளியில் கார் பாதையில் ஏறியது. வாகனங்களை ஏற்றி வாவியைக் கடத்தும் மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். நடுவாவியில் அம்மா பட்டுச்சேலையோடு காரைவிட்டு இறங்கி, “தூசி கிடக்கு” என்று பொனட்டைத் திறந்து, எதையோ துடைத்து மூடினார்.

மண்டூர்க் கரையில் பெண்வீட்டார் மாலையோடு நிற்கிறார்கள். முகூர்த்தம் நெருங்குகிறது. கார் அசைய மாட்டேன் என்கிறது! ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நாலு பேர் தள்ளியும் பார்த்தார்கள். மாமாவின் சந்தனப் பொட்டு வியர்வையில் கரைந்து மூக்குக்கு வந்துவிட்டது. கடைசியில் யன்னலால் தலையை நீட்டிக் கத்தினார்.

“அக்கா, நீ ஒருக்கா வந்து பாரன்!”

வாவியைப் பார்த்துக்கொண்டு தனியே நின்ற அம்மா உடனே வந்தார். பொனட்டுக்குள் கையை விட்டு ஒரு வயரைச் செருகினார். “இப்ப ஸ்டார்ட் அடிச்சுப் பாரு.” கார் உறுமியது.

“என்னக்கா பிழை?”

“ஒண்டுமில்லடா. புது இடமெண்டு பயந்துபோயிட்டு.” சொல்லும்போது அம்மா சிரித்தார்; கண் மட்டும் சிவந்திருந்தது.

கார்களும் பயப்படும் என்று பள்ளிக்கூடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். போன மாதம் என் தம்பி மாப்பிள்ளையாகப் புறப்பட்ட அன்று, “அக்கா, கார்ச் சாவியக் கண்டியா?” என்று வீடெல்லாம் தேடினான். அதை முந்தானையில் முடிந்துகொண்டு நான் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது, அன்றைக்குப் பயந்தது யார் என்று.