ஐம்பதுக்குக் குறைந்த புள்ளிகள்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, தலையணைக்கு உறை மாட்டியது. அவள் உறையை விரித்துப் பிடித்தாள், நான் திணித்தேன். "மூலை பார்த்துத் தள்ளுடி. இவ்வளவு படிச்சும் இது வரல," என்றாள். ஒன்பதாம் நாள் அந்தத் தலையணையில் இறந்துபோனாள்.

முப்பத்தொரு வருடம் ஓர் ஆய்வகத்தில் புள்ளி எண்ணியவள். கதிர்வீச்சு பட்ட செல்களைத் தட்டில் வளர்ப்பார்கள். பிழைத்த செல் பெருகி ஒரு புள்ளியாகும். ஐம்பது செல்லுக்குக் குறைந்த புள்ளி, செத்ததாகக் கணக்கு. டி.என்.ஏ. இரட்டிப்பாக இருந்த செல்கள் மெதுவாக வளர்ந்தன. எண்ணும் நாளில் அவற்றின் புள்ளிகள் நாற்பது செல்லில் நின்றன. அம்மா நான்கு தட்டுகளைக் கொட்டாமல் இன்னும் ஒரு வாரம் வைத்திருந்தாள். நாற்பது நூறைத் தாண்டியது. தலைமை ஆய்வாளர் எல்லார் முன்னாலும் அவற்றைக் குப்பையில் கவிழ்த்தார்.

"உன்னை எண்ணச் சொன்னேனா, யோசிக்கச் சொன்னேனா?"

இரட்டிப்புச் செல்கள் கதிர்வீச்சில் சுலபமாகச் சாகும் என்று அவர் கட்டுரை எழுதினார். கல்லூரியில் நான் அதைப் படித்தேன். டி.என்.ஏ. அதிகமென்றால் கதிர் தாக்க இடமும் அதிகம். நம்பச் சிரமமே இல்லை. இன்று மருத்துவமனையில் கதிர்வீச்சின் அளவைக் கணக்கிடுவதுதான் என் வேலை.

அம்மாவின் சிறுநீர்ப்பையில் கட்டி வந்தது. அறிக்கையில் இரட்டிப்பு டி.என்.ஏ. என்று இருந்தது. பையையே எடுத்துவிடலாம் என்றார் அறுவை மருத்துவர். வேண்டாம், கதிர்வீச்சு போதும் என்றேன்.

"அந்த மாதிரி செல்லு சாகாதுடி. சோம்பேறி, அவ்வளவுதான். லேட்டா எழுந்திருக்கும்."

"நாலு தட்டை வச்சுக்கிட்டு எனக்குப் பாடம் எடுக்காதம்மா. நீ எண்ணினவ."

"சரிங்க மேடம்," என்றாள்.

கட்டி சுருங்கியது. படத்தை அவள் முகத்துக்கு நேராக நீட்டி, "பார்த்தியா?" என்றேன்.

"எத்தனாவது நாள் எடுத்தது?"

படத்தை உறைக்குள் வைத்தேன். எட்டாம் மாதம் கட்டி திரும்பி வந்தது, நுரையீரலிலும். அதற்குப் பிறகு பையை எடுத்தாலும் பயனில்லை.

டி.என்.ஏ.வின் அளவு மட்டும் எதையும் தீர்மானிப்பதில்லை. கூடுதல் பிரதி, உடைந்ததற்கு ஈடுகொடுக்கவும் கூடும். எல்லாம் முடிந்த பிறகுதான் மற்றவர்களின் கட்டுரைகளைத் தேடிப் படித்தேன்.

அவள் கைப்பையில் ஒரு சீட்டு இருந்தது. அறுவை மருத்துவரை மறுபடி பார்க்க, வியாழன் காலை பத்து மணி. எனக்குச் சொல்லாமல் வாங்கியிருக்கிறாள். போகவில்லை. அந்த வியாழன் பத்து மணிக்கு முதல் கதிர்வீச்சுக்காக அவளை மேசையில் படுக்கவைத்து, அசையாதே என்று அதட்டிக்கொண்டிருந்தேன்.