இரண்டாம் வகுப்பில் ஒரு கழித்தல் கணக்கு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் பினாங்குத் துறைமுகத்தை ஒட்டிய தமிழ்ப் பள்ளியில் நான் பயிற்சி ஆசிரியை. வார நாட்களில் வகுப்பெடுப்போம். சனிக்கிழமை, ஆசிரியப் பயிற்சிக்கான நார்மல் கிளாசில் நாங்கள் மாணவிகள்.

மேற்பார்வையாளர் கந்தையா முன்னால் எடுத்த முதல் பாடத்தில் பிள்ளைகளைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. மனப்பாடம் செய்த குறிப்பைக் கரும்பலகையைப் பார்த்தபடி ஒப்பித்து முடித்தேன்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். "பிள்ளை, நீர் சொன்னது ஒருத்தருக்கும் விளங்கேல்லை. அடுத்த பாடமும் இப்பிடியெண்டால் பேரை வெட்டிப்போடுவன்" என்றார்.

அடுத்த பாடம் இரண்டாம் வகுப்புக்குக் கழித்தல். கந்தையா வகுப்பின் பின்னால் உட்கார்ந்திருந்தார். முப்பத்திரண்டில் ஏழு போக எவ்வளவு? "இரண்டில் ஏழு போகாது. பக்கத்தில் ஒன்று கடன் வாங்கு" என்றேன். முன் வரிசையில் இருந்த பாக்கியம் எழுந்தாள்.

"கடன் வாங்கினா திருப்பிக் குடுக்கணும்ல டீச்சர்? எப்பக் குடுப்போம்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு உண்மையாகவே தெரியவேண்டியிருந்தது. என் குறிப்பில் அதற்குப் பதில் இல்லை.

"நல்ல கேள்வி. வா, பார்த்திடலாம்" என்று சொல்லி, மூலையில் கிடந்த விளக்குமாற்றை அவிழ்த்தேன். பிள்ளைகள் ஈர்க்குகளைப் பத்துப் பத்தாக எண்ணி, தங்கள் தலை ரிப்பனால் கட்டினார்கள். மேசையில் மூன்று கட்டு, இரண்டு உதிரி.

"இதில ஏழு குடு" என்றேன். பாக்கியம் உதிரியைப் பார்த்தாள், கட்டுகளைப் பார்த்தாள். பிறகு தானாகவே ஒரு ரிப்பனை உருவினாள்.

"டீச்சர், இது கடனே இல்ல! நம்ம கட்டத்தான் பிரிச்சிருக்கோம்!"

அதற்குள் வகுப்பே மேசையைச் சுற்றி நின்றது. கந்தையா பின்னால் இருப்பதையே மறந்துபோனேன்.

பாடம் முடிந்ததும் அவர் கேட்டார்: "குறிப்பில விளக்குமாறு இல்லையே, பிள்ளை?"

"இல்ல சார். அந்தப் பிள்ளைக்குப் புரியல, அதான் மாத்தினேன். நாளைக்கும் புரியலன்னா திரும்பவும் மாத்துவேன்."

சொன்ன பிறகுதான் என் குரல் நடுங்கவில்லை என்பதைக் கவனித்தேன். அவர், "அப்ப சனிக்கிழமை மற்ற ஆக்களுக்கும் இதைச் செய்து காட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பின்னாளில் நான் தலைமையாசிரியையாக இருந்தபோது, பயம் எப்படிப் போகும் என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். கண்ணாடி முன் நின்று பேசிப் பார்க்காதீர்கள் என்பேன். வகுப்பில் எந்தப் பிள்ளைக்குப் புரியவில்லையோ, அதன் பக்கத்தில் போய் நில்லுங்கள். உங்களைப் பற்றி நினைக்கவே நேரம் இருக்காது.