நாகரிகமாக எழுதிய புகார்

அந்த ஆயாம்மாவுக்கு வார்டில் வைத்த பெயர் ரேடியோ. நினைவில்லாத நோயாளிகளோடுகூட மூச்சுவிடாமல் பேசுவார். பத்தொன்பது வருஷமாக அதே வார்டு. பெரிய டாக்டரையே "தம்பி" என்பார். துடைத்த தரையில் யார் மிதித்தாலும் வார்டே அதிரக் கத்துவார். சுத்தப் பட்டிக்காடு என்று நினைத்தேன்.

நான் அப்படியில்லையாம்! குரலை உயர்த்த மாட்டேன். லிஃப்ட்காரருக்கும் நன்றி சொல்வேன். அதுதான் நாகரிகம் என்று நம்பிக்கொண்டிருந்தேன், வெட்கக்கேடு.

என் அப்பா பக்கவாதத்தில் பேச்சும் அசைவும் போய் இரண்டு மாதமாகப் படுத்திருந்தார். உடம்பு துடைக்க வந்தால் அந்த அம்மா முதலில் கட்டிலைச் சுற்றித் திரையை இழுப்பார். சில்லிட்ட கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார்.

"அண்ணே, வேட்டியை அவுக்கப்போறேன். சங்கடப்படாதீங்க, தங்கச்சிதான்."

சொல்லிவிட்டுப் பதிலுக்கு வேறு காத்திருப்பார்! எல்லாம் முடிய முக்கால் மணி நேரம். எனக்கோ ஆபீஸுக்கு நேரமாகிவிடும்.

"அவருக்கு ஒண்ணும் தெரியாதும்மா, சீக்கிரம் முடிங்க," என்றேன் ஒருநாள், அப்பாவின் தலைமாட்டிலேயே நின்றுகொண்டு.

"உங்களுக்குத் தெரியலைன்னு சொல்லுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மேற்பார்வையாளருக்குப் புகார் எழுதினேன். 'தயவுசெய்து', 'பணிவுடன்' எல்லாம் போட்டு, ஒரு கடுஞ்சொல் இல்லாமல். மறுநாளே அவரைச் சலவைக்கூடத்துக்குத் தூக்கியடித்துவிட்டார்கள்.

புதிதாக வந்தவர் கெட்டிக்காரர், பத்தே நிமிஷம். திரையை இழுக்காமலே போர்வையையும் வேட்டியையும் சரக்கென்று உருவினார். எதிர்க்கட்டிலைப் பார்க்க வந்த ஒரு குடும்பம் அங்கேயே நின்றிருந்தது. அப்போது அப்பாவின் இடது கை மெல்ல நகர்ந்தது. இடுப்புக்குக் கீழே போய்த் துணியைத் தேடித் தடவியது.

"சார், கை அசையுது! நல்ல முன்னேற்றம்!" என்றார் அவர் சந்தோஷமாக.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. போர்வையைப் பிடுங்கி அப்பாவை மூடிவிட்டு, சலவைக்கூடத்துக்கு ஓடினேன். அழுக்குத் துணிக் குவியலுக்கு நடுவே அந்த அம்மா நின்றிருந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எழுதினது நீங்கதான்னு தெரியும், அதை விடுங்க. அண்ணனை வலது பக்கமா படுக்க வைக்கிறாங்களா? வேண்டாம்னு சொல்லுங்க. அந்தத் தோள் அவருக்கு வலிக்குது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்தப் பக்கம் திருப்பினாலே கண்ணை இறுக்கி மூடிக்குவாரே. பக்கத்துலயே உட்கார்ந்திருந்தீங்க, பாத்ததில்லையா?"

"பாத்திருக்கேன்," என்று பொய் சொன்னேன்.