கங்காணி வீட்டு வெள்ளைச் சோறு

என் தங்கை அழுதாள்; சத்தம் வரவில்லை. வாய் திறந்திருக்கிறது, முகம் சிவந்து நீலம் பாய்கிறது, கண்ணோரம் நீர் வழிகிறது. ஆனால் தூளிக்குள்ளிருந்து ஓர் ஒலியும் இல்லை. மூன்று மாதக் குழந்தை. முந்தின வாரம் வரை, தோட்டக் கூலிகளின் வீட்டு வரிசையான லயம் முழுக்கக் கேட்கும்படி கத்தியவள்.

"கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சு" என்றாள் அத்தை.

அத்தை அப்பாவின் அக்கா. அம்மாவின் பிரசவத்துக்காகத் தங்காக் பட்டணத்திலிருந்து வந்தவள் சமையலறையைக் கைப்பற்றிக்கொண்டாள். மாமா அங்கே துணிக்கடையில் கணக்கு எழுதினார்; அவர்கள் வீட்டில் எப்போதும் கடைப் பச்சரிசிதான். அவளுக்குப் பிறந்த இரண்டு குழந்தைகளும் தங்கவில்லை என்று மட்டும் எனக்குத் தெரியும். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். அவளைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் ரப்பர்த் தோட்டம் ஜோகூரில், கூலாய்ப் பக்கம். அப்பா பால்மரம் சீவிய காலத்தில், தோட்டத்தில் கொடுத்த புழுங்கலரிசியைத்தான் தின்றோம். பழுப்பாக இருக்கும், லேசாக வாடை அடிக்கும். கூடவே பருப்பு, முருங்கைக்கீரை, நெத்திலிக் கருவாடு. அப்பா கங்காணி ஆனதும் அந்த அரிசிக்கு எங்கள் வீட்டில் மரியாதை போய்விட்டது. அத்தை அதற்குக் 'கூலி அரிசி' என்று பெயரே வைத்துவிட்டாள். கங்காணி பெண்டாட்டி அதைத் தின்னலாமா? கூலாய்ச் சீனக் கடையிலிருந்து, பளபளவென்று தீட்டிய சியாம் பச்சரிசி மூட்டையாக வந்தது. அதையும் அத்தை களைந்த தண்ணீர் தெளியும்வரை விடமாட்டாள். ஏற்கெனவே வெளுத்துப் போயிருந்ததை இன்னும் எதற்கு வெளுக்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

எங்களுக்குக் குழம்பு, கீரை எல்லாம் உண்டு. அம்மாவுக்கு மட்டும் பத்தியம்: வெள்ளைச் சோறு, சுட்ட பூண்டு, மிளகு, ஒரு துண்டு கருவாடு. கீரை குளிர்ச்சி, பருப்பு வாய்வு, பழம் தின்றால் சளி. மற்ற வீடுகளில் நாற்பது நாளோடு முடிகிற பத்தியம் எங்கள் வீட்டில் முடிகிற வழியாக இல்லை. அம்மா ஒருநாள் கீரைச் சட்டியைத் திரும்பிப் பார்த்ததற்கே, "உனக்குப் பிள்ள வேணுமா, நாக்கு வேணுமா?" என்று அத்தை பாய்ந்தாள்.

அம்மாவின் கால்கள் வீங்கின. "பிள்ள பெத்த உடம்பு, நீர் போட்டிருக்கு" என்றாள் அத்தை. பிறகு அடுப்பிலிருந்து உருண்ட நெருப்புக் கங்கை மிதித்துக்கொண்டு அம்மா சும்மா நின்றாள். நான் அலறிய பிறகுதான் குனிந்து பார்த்தாள். அன்று முதல் அத்தை அந்தக் கருவாட்டுத் துண்டையும் நிறுத்திவிட்டாள்.

தங்கையின் குரல் போன மறுநாள் அப்பா தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெசரைக் கூட்டி வந்தார். அவர் அம்மாவின் முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்தினார். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. தூளியை விலக்கிக் குழந்தையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். பிறகு அரிசி மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

"கங்காணி, லயத்துல யாருக்காவது இப்படிக் கால் மரத்துப் போச்சா?"

"இல்லீங்க."

"அவங்க என்ன அரிசி சாப்பிடுறாங்க?"

"தோட்டத்துப் புழுங்கலரிசிதாங்க."

"சத்தெல்லாம் தவிட்டோட போயிருச்சு. வேற வழியில வர வேண்டியத உங்க பத்தியம் நிறுத்திருச்சு. வெறுஞ் சோத்துலேருந்து பாலுக்குச் சத்து எங்க வரும்? புழுங்கலரிசி, பச்சப் பயறு, கீரை, மீனு எல்லாம் கலந்து குடுங்க. ஜோகூர் பாருவிலேருந்து மருந்து வர்ற வரைக்கும் தவிட்ட ஊற வெச்சு, வடிகட்டி, பிள்ளைக்குச் சொட்டுச் சொட்டா விடுங்க. பிள்ளையோட நெஞ்சு இப்படியே ரொம்ப நாள் தாங்காது."

அவர் படியிறங்கியதும் அத்தை தூளிக்கு முன்னால் வந்து நின்றாள். "மாடு திங்கிறதயா பச்சப் பிள்ளைக்குக் குடுப்ப? நா விடமாட்டேன்!"

அப்பா அக்காவையும் தூளியையும் மாறி மாறிப் பார்த்தார். லயம் முழுவதையும் அதட்டி வேலை வாங்குகிற மனுஷன், அக்காவின் முன்னால் ஓர் அடி பின்வாங்கினார். பாயிலிருந்து அம்மாதான் பேசினாள்.

"அண்ணி, அது என் பிள்ள. வழி விடுங்க." பிறகு அப்பாவிடம், "போங்க. சீக்கிரம்."

அப்பா என்னைச் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு பக்கத்துக் கம்பத்துக்கு ஓட்டினார். கம்பம் என்றால் மலாய்க்காரர்களின் கிராமம்; அங்கே வீட்டிலேயே நெல் குத்துவார்கள். உரலருகே இருந்த அம்மாளிடம் தவிடு கேட்டார்.

"ஆயாம்?" என்றாள் அவள். கோழிக்கா என்று கேட்டாள்.

"அனாக்" என்றார் அப்பா. என் பிள்ளைக்கு. அவள் கோழிக்கு வைத்திருந்ததைத் தள்ளிவிட்டு, அப்போது குத்தியதைப் புதிதாகப் புடைத்துக் கொடுத்தாள்.

அன்று முழுக்க அம்மா துணித் திரியில் தவிட்டுச் சாறை நனைத்து, குழந்தையின் உதட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். பாதி வழிந்தது. நான் குழந்தையின் வயிறு ஏறி இறங்குகிறதா என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய கூலி அரிசிச் சோற்றை, பயறும் கீரையும் போட்டுப் பிசைந்து அம்மாவுக்கு நானே ஊட்டினேன். அத்தை கொல்லைப்புறத்தை விட்டு உள்ளே வரவில்லை.

மறுநாள் உச்சிவேளையில், கதவு கிறீச்சிடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. இன்னொன்று. பிறகு என் தங்கை வீறிட்டாள். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

நான் கொல்லைப்புறம் ஓடினேன். அத்தையைக் குத்திக்காட்ட வேண்டும் என்றுதான் ஓடினேன். அவள் பச்சரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீர் எப்போதோ தெளிந்துவிட்டது. கை மட்டும் அரிசிக்குள்ளேயே இருந்தது.

"கேட்டுச்சா அத்த?"

"கேட்டுச்சு." நிமிரவில்லை. "என் பிள்ளைங்க ரெண்டும் இப்படித்தான், சத்தமே இல்லாம அழுதுச்சுங்க. பத்தியத்துல ஒருநாள் கீர தின்னுட்டேன், அதான் போயிருச்சுங்கன்னு இத்தன வருசமா…" அரிசியைப் பார்த்தாள். "அப்ப, இந்த அரிசியாலயா?"

பின்னால் அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, கத்துகிற குழந்தையை அத்தையின் ஈர மடியில் வைத்தாள். அத்தை குழந்தையைத் தட்டவில்லை, ஆட்டவில்லை, சமாதானப்படுத்தவும் இல்லை. அழவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.