ஈ காக்கா இல்லாத ரயில் பெட்டி

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அடுத்தவர் எழுதிய மென்பொருளில் ஓட்டை கண்டுபிடிப்பது பாஸ்கலுக்குச் சம்பளம் தரும் வேலை. சம்பளம் தராத வேலை, ஆவடியில் ரயில் பாதை ஓரமாகக் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய பெட்டிகளைக் கருப்பு வெள்ளையில் படம் பிடிப்பது. முதல் வேலையைப் பற்றிக் கேட்டால் ஒரு வரியில் முடித்துவிடுவான். இரண்டாவதைப் பற்றி யாரும் கேட்கவே வேண்டாம், அவனே ஆரம்பித்துவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில் பூசை முடிந்ததும் அவன் வண்டி பாரிவாக்கத்து வீட்டைத் தாண்டி நேரே ஆவடிக்குப் போகும். பின்னால் அவன் மனைவி செலின் பசியோடு உட்கார்ந்திருப்பாள். ரயில்வே சுவர் இடிந்திருந்த ஓரிடத்தில் நின்றால் பெட்டிகள் தெரியும். துருப்பிடித்து, கம்பிகள் வளைந்து கிடக்கும், ஜன்னல் வழியே வேலிக்காத்தான் முள் எட்டிப் பார்க்கும். பாஸ்கல் தெருவில் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடி, மூச்சை அடக்கி எடுப்பான். ஏன் படுக்க வேண்டும் என்று செலின் கேட்டதற்கு, "தாழ்ந்து பார்த்தாத்தான் தனிமை தெரியும்" என்றான். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கோயிலுக்குப் போட்டுவந்த வெள்ளைச் சட்டையில் ஏறிய கரிதான்.

ஒரு படத்தைப் பெரிதாக்கி வீட்டுக் கூடத்தில் மாட்டினான். தூத்துக்குடியிலிருந்து வந்த மாமியார் அதன் முன்னால் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, "எந்த விபத்து மாப்ள? நம்ம ஆளுக யாரும் இருந்தாங்களா?" என்றார். அன்றே படம் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் போய்விட்டது.

இருந்தாலும் கலைஞனுக்கும் ஒரு காலம் வரத்தானே செய்யும்? அம்பத்தூரில் ஒரு மண்டபத்தில் நடந்த புகைப்படக் கண்காட்சியில் பாஸ்கலின் படத்துக்கு ஆறுதல் பரிசு கிடைத்தது. ரோஷினி என்ற கல்லூரி மாணவி அதன் முன்னால் நெடுநேரம் நின்றாள். "ஒரு ஈ காக்காகூட இல்ல சார். பார்க்கவே நெஞ்சை அடைக்குது" என்றாள். பாஸ்கல் கண்ணை லேசாக மூடித் தலையை அசைத்தான். காக்காயைக் கல்லெறிந்து விரட்டியது தான்தான் என்பதை அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை.

காக்காயை மட்டுமா விரட்டினான்? உள்ளதைச் சொன்னால் அந்த இடம் சந்தைக்கடை. சுவர் இடிந்த இடத்துக்கு நேராகத்தான் நாகம்மாவின் தள்ளுவண்டி நிற்கும். இட்லியும் வடகறியும் விற்பாள். ஆட்டோக்காரர்களும் இரவு ஷிப்டு முடித்தவர்களும் மிச்சமிருந்த சுவரின்மேல் தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். பாஸ்கல் கேமராவைப் பையிலிருந்து எடுத்ததுமே நாகம்மா ஆரம்பிப்பாள்.

"இன்னா சார், இன்னிக்கும் நான் வோணாமா?"

"கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்துட்டீங்கன்னா போதும்கா. ஆவி வேற லென்ஸ்ல அடிக்குது."

"ஏந்துரு மாமே! தட்டை எட்துகினு அந்தாண்ட போ. சாருக்கு ஆளே இல்லாத படம் வோணுமாம்."

எரியும் அடுப்போடு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. தன் கடைக்கு எதிரில் இருப்பதைப் படித்த மனுஷன் ஒருத்தன் வாரம் தவறாமல் படம் எடுக்கிறான் என்று அவளுக்குப் பெருமைகூட உண்டு. இப்படியே ஆறு வருஷம் ஓடியது.

இந்த வருஷம் பெட்டிகளைக் கிரேன் வைத்துத் தூக்கிப் பழைய இரும்புக்குக் கொண்டுபோனார்கள். சுவரை எழுப்பினார்கள், சாலையை அகலப்படுத்தத் தொடங்கினார்கள். அங்கேயே பல வருஷமாகக் கடை போட்டவர்களுக்கு மட்டும் வியாபாரி அட்டையும் புதுச் சாலையில் இடமும் உண்டு, மற்றவர்கள் காலி செய்ய வேண்டியதுதான் என்று பேச்சு வந்தது. கணக்கெடுக்க வந்த மாநகராட்சி அதிகாரி உத்தமனிடம், நாகம்மா நேற்று முளைத்தவள் என்று அவள் இடத்தின்மேல் கண் வைத்த யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். வாய்ச் சாட்சியை எல்லாருக்கும் எல்லாரும்தான் சொல்கிறார்கள், படம் இருந்தால் காட்டு என்றார் உத்தமன். நாகம்மாவிடம் இருந்ததோ பட்டன் போன். ஆனாலும் அவள் அசரவில்லை.

"போட்டோதானே? நம்ம கேமரா சார் கீறாரு. ஆறு வருசமா அத்தே வேலையா கீறாரு."

தன் படங்களை ஒருவர் வலியக் கேட்பது பாஸ்கலுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. லீவு போட்டான், ஆல்பத்தைத் துடைத்தான், செலினையும் கூட்டிக்கொண்டு ஆவடிக்குக் கிளம்பினான். வழியெல்லாம் ஒளி, நிழல் என்று பேசிக்கொண்டே வந்தான். அப்போதும் அந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

உத்தமன் பொறுமையாகப் புரட்டினார். "பெட்டி. பெட்டி. இதுவும் பெட்டி. அம்மா எங்க சார்?"

"இங்கதான் சார். ஃபிரேமுக்கு வெளியே."

"கடை?"

"அதுவும் வெளியேதான் சார்."

உத்தமன் ஆல்பத்தை மூடினார். "நீயே கூட்டியாந்த சாட்சிம்மா. ஆறு வருஷத்துல ஒரு நாள்கூட இங்க ஈ காக்கா இல்லன்னு சாரே ஆல்பம் போட்டுக் காட்டுறாரு. நான் இன்னான்னு எழுதட்டும்?"

நாகம்மா பாஸ்கலைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. "நீ நவுறச் சொன்ன, நவுந்தேன் சார்" என்றாள்.

அப்போதுதான் பாஸ்கலுக்கு உறைத்தது. ஒருத்தியின் பிழைப்பை வாராவாரம் ஓரமாகத் தள்ளிவிட்டு, அதற்குத் தனிமை என்று பெயர் வைத்து, ஆறுதல் பரிசும் வாங்கியிருக்கிறான். அடுத்தவர் ஓட்டையைக் கண்டுபிடிக்கத்தான் அவனுக்குச் சம்பளம். "நான்தான் சார் நகரச் சொன்னேன், சத்தியமா" என்று திக்கினான். "இதுவும் வாய்ச் சாட்சிதான் சார்" என்றார் உத்தமன்.

அப்போது செலின் தன் போனை நீட்டினாள். "இதைக் கொஞ்சம் பாருங்க."

இட்லி சாப்பிட்டுக்கொண்டே அவள் எடுத்து, தங்கைகளின் வாட்ஸப் குழுவுக்கு அனுப்பிவைத்த படங்கள் அவை. அப்படி ஒன்று இருப்பதே பாஸ்கலுக்குத் தெரியாது. எல்லாம் பளிச்சென்ற கலர். நடுவில் பாஸ்கல் பல்லி மாதிரித் தரையோடு ஒட்டிக் கிடக்கிறான், பின்புறம் மட்டும் வானத்தைப் பார்க்கிறது. ஓரத்தில் ரயில் பெட்டி தெரிகிறது. அவனுக்குப் பின்னால் வண்டி, ஆவி, சுற்றிலும் ஆட்டோக்காரர்கள், வாயைப் பொத்திச் சிரிக்கும் நாகம்மா. கீழே, 'உங்க அத்தான் இன்னைக்கும் விழுந்துட்டார்' என்று ஒரு வரி.

உத்தமன் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு கடமை நினைவுக்கு வந்தது. "தேதியை யார் வேணா மாத்தலாமே."

"வழுக்கையை மாத்த முடியாதுல்ல சார்?" என்றாள் செலின். ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். முதல் படத்தில் பாஸ்கலின் உச்சந்தலையில் எட்டணா அளவு இடைவெளி. போகப் போக அது தோசையாக விரிந்துகொண்டே வந்தது. உத்தமன் படத்தையும் பார்த்தார், அவன் தலையையும் பார்த்தார்.

"கீழ கெடக்கிறது யாரு?"

"நான்தான் சார்."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும் நான்தான் சார்."

நாகம்மாவுக்கு அட்டை கிடைத்தது. அந்தப் படங்களில் ஒன்றைப் பெரிதாகப் போட்டுத் தரச் சொன்னாள். கருப்பு வெள்ளையாக மாற்றித் தரட்டுமா என்று பாஸ்கல் கேட்டான். பட்டும் திருந்தாத ஜென்மம்! "வோணாம் சார், கலராவே குடு" என்றாள். கரையான்சாவடி ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு, கண்ணாடி மாட்டிக் கொடுத்தான். அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால், புது இடத்தில், வண்டியின் நெற்றியில், எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கும் கயிற்றுக்குக் கீழே அந்தப் படம்.

"திருஷ்டிக்கு சார்" என்றாள் நாகம்மா. "வர்றவன் கண்ணு மொதல்ல உன் மேலதான் போவுது. யாவாரம் நல்லா கீது."

பாஸ்கல் தட்டை வாங்கிக்கொண்டு அதன் கீழேயே உட்கார்ந்தான். வெட்கமாகத்தான் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. தினமும் நூறு பேர் நின்று பார்க்கும் படம் அவன் பெயரில் உலகத்திலேயே அது ஒன்றுதான். அதை எடுத்ததும் அவன் இல்லை.